வெள்ளோடைக்கு வந்த நாற்பத்தொரு அக்காமார்

வெள்ளோடை நகராட்சியில் வீடுவீடாக எடுத்த விவரங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என்று முடிவான வருஷம், அதற்கான படிவத்தை வடிவமைத்துக் கொடுக்க ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்தவள் தில்லைநாயகி. நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாதவள், கையில் ஒரு சூட்கேஸ், தோளில் லேப்டாப் பை, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் மாடி அறை, காலையில் இரண்டு இட்லி, மதியம் எலுமிச்சைச் சாதம், சாயங்காலம் யாரோடும் பேசாமல் ரயில்வே கேட் வரை ஒரு நடை என்று, வந்த முதல் வாரத்திலேயே அவள் நாட்கள் ஒன்றுபோல் ஒன்றாக அடுக்கிக்கொண்டுவிட்டன.

பதினெட்டு வருஷமாக அவள் செய்துவந்தது கேள்விகளைப் பெட்டிகளாக்கும் வேலை. எந்தக் கேள்வி முதலில் வர வேண்டும், எதற்கு எழுதிப் பதில் சொல்ல வேண்டும், எதற்குப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும், எந்தப் பெட்டியைக் காலியாக விடலாம், எதை விடக் கூடாது என்பதையெல்லாம் அவள் ஒரு வீட்டுக்கு வாசல் எங்கே, ஜன்னல் எங்கே என்று யோசிக்கிற கொத்தனாரைப்போல யோசிப்பாள். வெள்ளோடைக்கு அவள் இரண்டு அட்டவணைகள் போட்டாள். ஒன்றில் வீடுகள், மற்றதில் மனிதர்கள். வீட்டுக்கு ஒரு எண். ஒவ்வொரு மனிதரின் வரிசையிலும் அவர் இருக்கிற வீட்டின் எண். அந்த எண்தான் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிற நூல். முன்பு வேலை பார்த்த ஊரில் ‘உடன் வசிப்பவர்’ என்ற பெட்டியை ஆட்கள் சோம்பலில் காலியாக விட்டு, ஒரு தெருவின் பிள்ளைகள் முழுக்கக் கணக்கிலிருந்தே காணாமல் போயிருந்தார்கள். அதனால் இந்த முறை அந்தப் பெட்டியைக் கட்டாயமாக்கினாள். தனியாக வாழ்கிறவர்கள் இருப்பார்களே என்பது, தானும் தனியாக வாழ்கிறவளுக்கு எப்படி மறந்தது என்று பிற்பாடு அவளே பலமுறை கேட்டுக்கொண்டாள். மறக்கவில்லை, நினைக்கப் பிடிக்கவில்லை என்பதுதான் நிஜம்.

படிவத்தை நிரப்ப நகராட்சி அமர்த்தியிருந்தவள் ரகமத்நிஷா. முப்பத்து நான்கு வயது, இரண்டு பெண் பிள்ளைகள், சைக்கிள் கடை வைத்திருக்கிற புருஷன், கீபோர்டைப் பார்க்காமலே ஓடுகிற விரல்கள், விரல்களுக்கு ஈடாக ஓடுகிற வாய். அவளுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்துவிட்டுத் தில்லைநாயகி பத்து நாள் விடுப்பில் நாகர்கோவில் போனாள். அம்மா இறந்து இரண்டு வருஷமாகப் பூட்டியே கிடந்த வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. பாத்திரங்களைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தாள். அம்மாவின் சேலைகளை யாரும் கேட்கவில்லை. போன் எங்கேயோ ஒரு சாக்குமூட்டைக்குள் கிடந்து அடித்து அடித்து ஓய்ந்தது.

அடித்தது ரகமத். ஒன்பதாம் வார்டு இருளப்பன் என்பவரின் தாளில், உடன் வசிப்பவர் என்ற இடத்தில், கணக்கெடுக்கப் போனவர் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார். கோட்டைப் போட்டாள், படிவம் வாங்கவில்லை. புள்ளி வைத்தாள், பூஜ்யம் போட்டாள், வாங்கவில்லை. ‘இந்தப் பெட்டியைக் காலியாக விட முடியாது’ என்று சிவப்பு எழுத்து மறுபடி மறுபடி வந்தது. ஐந்து முறை போன் செய்து பார்த்துவிட்டு, உள்ளதைத்தானே சொல்ல வேண்டும் என்று, அந்தப் பெட்டியில் ‘இல்லை’ என்று அடித்தாள்.

படிவம் ஏற்றுக்கொண்டது. அடுத்தது உறவு, அகர வரிசையில் முதலில் நின்ற ‘அக்காள்’ தானாக வந்து உட்கார்ந்தது. அக்காள் என்றால் பெண் என்று படிவமே நிரப்பிக்கொண்டது. பிறந்த தேதி தெரியாவிட்டால் கம்ப்யூட்டர் தன் பாட்டுக்குப் போடும் தேதி ஒன்று உண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது ஜனவரி ஒன்று, அதுவும் வந்தது. தொழில் கட்டாயமில்லை, காலியாக நின்றது. ரகமத் சேவ் செய்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். அந்த வாரத்தில் அப்படி நாற்பத்தொரு தாள்கள் வந்தன. நாற்பத்தொரு முறையும் அவள் அப்படியே செய்தாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு இருளப்பன் கதவைத் திறந்தபோது, மஞ்சள் பையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இருளப்பன் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது, மனைவி போய்ப் பதினொரு வருஷம், பிள்ளைகள் கிடையாது. வந்தவளுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து இருக்கும்.

“யாரும்மா?”

“இல்லை.”

“யாரு இல்லை?”

“நான்தான் இல்லை. உன் அக்கா.”

“எனக்கு அக்காவே கிடையாதே.”

“இப்ப இருக்கேன்லா,” என்று சொல்லி அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். வர வேண்டாம் என்று சொல்ல அவரிடம் காரணம் எதுவும் இருக்கவில்லை. அவர் உப்புமாவை இரண்டாகப் பிரித்தார். அவள் எதிரே உட்கார்ந்து, “நேத்து என்ன நடந்துச்சு தம்பி?” என்று கேட்டாள். நேற்று ஒன்றும் நடக்கவில்லை என்று அவர் சொன்னார். “பெறகு?” என்றாள் அவள். அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லத் தொடங்கியவர், பக்கத்து வீட்டுப் பூனையில் ஆரம்பித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழு வெள்ளத்தில் தான் கயிறு கட்டி இழுத்துக் கரைசேர்த்த காளை மாட்டுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது.

அதே காலை, அதே நேரம், அதே மஞ்சள் பை, இன்னும் நாற்பது வாசல்களில். ஊர் அதை இரண்டு நாள் பேசியது, மூன்றாம் நாள் அதற்கு வழி பண்ணிக்கொண்டது. எழுபத்தெட்டு வயதுக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதில் எப்படி அக்கா என்று ஒருவர் டீக்கடையில் கேட்டதற்கு, “அக்கான்னா வயசாலயா அக்கா, முறையால அக்கா,” என்று டீ ஆற்றியவர் சொன்னார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ரேஷன் கடையில் அவர்களுக்கு அரிசி போட்டார்கள். கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் கேட்டால் இல்லை என்றும், நட்சத்திரம் கேட்டால் சும்மா நின்றும், அவர்கள் வாங்கிய விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டார்கள். தேவாலயத்திலும் பின்வரிசை பெஞ்சில் இரண்டு பேர் முக்காடு போட்டு உட்கார்ந்தார்கள். ஒரே முகம் என்று சொல்ல முடியாது, வேறு முகம் என்றும் சொல்ல முடியாது. முகத்தைப் பற்றிப் படிவத்தில் பெட்டி எதுவும் இருக்கவில்லையாதலால், பார்த்துவிட்டுத் திரும்பியதும் அந்த முகம் யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. தொழில் பெட்டி காலியாக இருந்ததால் அவர்கள் ஒரு வேலையும் செய்யவில்லை. எதிரே உட்கார்ந்தார்கள், கேட்டார்கள், “பெறகு?” என்றார்கள், அவ்வளவுதான்.

கஷ்டம் வந்தது பேச்சில்தான். பால்காரர் வாசலில் நின்று “வீட்ல யாரு இருக்கா?” என்று கேட்டால், “இல்லை இருக்கா,” என்று பதில் வரும். “இன்னிக்குப் பால் வேணுமா?” என்றால் உள்ளிருந்து “இல்லை!” என்று குரல் வரும், வேண்டாம் என்கிறார்களா, அக்காவைக் கூப்பிடுகிறார்களா என்று தெரியாமல் அவர் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அதனால் ஊர், யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்காமலே, அந்தச் சொல்லை அக்காமாருக்கு விட்டுக்கொடுத்தது. பால் கிடையாது, பஸ் கிடையாது, தலைவலி கிடையாது என்று பேசப் பழகினார்கள். நகராட்சிப் பூங்காவில் ‘அனுமதி இல்லை’ என்றிருந்த பலகையை அழித்து ‘அனுமதி கிடையாது’ என்று எழுதினார்கள், பூங்காவுக்கு வருகிற அக்காமார் மனம் கோணக் கூடாது என்று.

தில்லைநாயகி திரும்பி வந்தபோது ரகமத் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். “உங்க போன் எடுக்கல மேடம். ஃபார்ம் விடமாட்டேங்கு. நான் என்ன செய்ய? இப்ப நாப்பத்தோரு பேரு வந்து இறங்கியிருக்காவ.”

“எல்லாருக்கும் ஒரே பிறந்த தேதியா?” என்று கேட்டாள் தில்லைநாயகி. அவளுக்குக் கவலை அதில்தான் வந்தது.

அன்று சாயங்காலம் ரயில்வே கேட் வரை போகாமல், ஒன்பதாம் வார்டுக்கு நடந்தாள். இருளப்பன் பரணிலிருந்து இன்னொரு நாற்காலியை இறக்கித் துடைத்துப் போட்டிருந்தார். அதில் அக்கா உட்கார்ந்திருந்தாள். தில்லைநாயகி தன்னை யாரென்று சொல்லிக்கொண்டு, படிவத்தில் நேர்ந்த தவறு பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அக்கா அதையெல்லாம் கேட்டுவிட்டு, “உங்க வீட்ல கூட யாரு இருக்கா தாயி?” என்றாள்.

வெளியூரிலிருந்து வந்தவளுக்கு அந்த ஊரின் புதுப் பேச்சு இன்னும் வாயில் வரவில்லை. “இல்லை,” என்றாள்.

அக்காவின் முகம் மலர்ந்தது. “அப்படியா! நல்லா இருக்காளா அவ?”

தில்லைநாயகி, நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வழியெல்லாம், இல்லாத ஒருத்தி நலமாக இருப்பதாகத் தான் சொன்ன பொய்யையே நினைத்துக்கொண்டு நடந்தாள். லாட்ஜுக்கு வந்து அறையைத் திறந்து, கதவில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள். கட்டில், மேஜை, பூட்டிய ஜன்னல். ஒரு பெயரை அடித்தால் ஒருத்தி வருவாள். அம்மாவின் பெயரையே அடித்தால்? தானே வைத்த விதி தில்லைநாயகிக்கு நினைவுக்கு வந்தது: இறப்புப் பதிவில் உள்ள பெயரும் தேதியும் பொருந்தினால் படிவம் வாங்காது. அதைத் தளர்த்த அவளுக்கு இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷத்தை நினைத்தபடியே படுத்தாள், ஆனால் செய்யவில்லை. வந்ததும் அம்மா முதலில் கேட்பது, என் சேலைகளை என்ன செய்தாய் என்பதாகத்தான் இருக்கும்.

அடுத்த திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வெள்ளோடைத் தரவில் ஒரே பெயர், ஒரே உறவு, ஒரே பிறந்த தேதி கொண்ட நாற்பத்தொரு வரிகள் உள்ளன. ஒரே நபர் தவறாகப் பலமுறை பதிவாகியிருப்பதாகத் தெரிகிறது. வெள்ளிக்கிழமைக்குள் நீக்கிவிட்டு, படிவத்தையும் திருத்தித் தகவல் தரவும்.

சேதி எப்படியோ வெளியே போய்விட்டது. புதன்கிழமை காலை நகராட்சி வராந்தாவில் அக்காமார் வந்த வீட்டுக்காரர்கள் நாற்பத்தொரு பேரும் வந்து நின்றார்கள். ஒரே ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தது அன்றுதான். தனியாக இருக்கிறவர்களுக்கு வெளியே வரவும் ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. பெஞ்சில் இடம் விட்டு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். ஆணையர் குணபாண்டியன் நல்ல மனிதர், ஆனால் கடிதத்துக்குப் பயந்தவர். “எனக்கும் மனசு கேக்கலைய்யா. மேலிடத்து உத்தரவு. ஒரே ஆளை நாப்பத்தோரு தடவை எப்படி வச்சிக்க முடியும்?”

இருளப்பன் எழுந்தார். “சார், நான் யார்கிட்டயும் எதுவும் கேட்டு வந்தவன் கிடையாது. அவகிட்ட நான் சொல்லிட்டு வாரேன், பாதிதான் சொல்லியிருக்கேன். எம் பொண்டாட்டி செத்த நாளுக்கு இன்னும் வரல. அதைச் சொல்லி முடிக்கிற மட்டும் இருக்கட்டும்.”

ஆறாம் வார்டு பிலோமினா டீச்சர், அறுபத்து மூன்று வயதுக்காரி, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வியாழன் முழுக்கத் தில்லைநாயகி சாப்பிடப் போகவில்லை. ஒரு தாளில் பென்சிலால் இரண்டு கட்டங்கள் போட்டாள், ஒன்று வீடு, ஒன்று ஆள். அழித்தாள். மறுபடி போட்டாள். நான்கு மணி சுமாருக்கு அந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, ரகமத்தைக் கூப்பிட்டாள்.

“இதுவரைக்கும் ஒரு ஆள் வரிசையிலேயே ஒரு வீட்டு எண்ணை எழுதி, அந்த ஆளை அந்த வீட்டோட கட்டிப் போட்டிருந்தோம். அதை எடுத்திடறேன். நடுவுல ஒரு புது அட்டவணை. அதுல இந்த ஆள் இந்த வீட்டுக்குன்னு ஒரு வரி. அதே ஆள் அடுத்த வீட்டுக்குன்னு இன்னொரு வரி. ஆள் ஒருத்திதான். வீடு எத்தனை வேணா இருக்கலாம்.”

“அப்ப மிச்ச நாப்பது பேரு?”

“போயிடுவாங்க.”

ரகமத் நடுக் கட்டத்தில் விரலை வைத்தாள். “ஒருத்தியாவது இருப்பாளே,” என்றாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு முன்பே எல்லாம் முடிந்தது. உடன் வசிப்பவர் பெட்டியைக் காலியாக விடலாம் என்றும் திருத்தினாள். தலைமை அலுவலகம் ஒற்றை வரியில் ஏற்றுக்கொண்டது.

சனிக்கிழமை காலை நாற்பது வீடுகளில் அக்கா இருக்கவில்லை. முதல் வார்டு முதல் வாசலில் மட்டும் ஒருத்தி மஞ்சள் பையோடு போய் நின்றாள். மறுநாள் அடுத்த வீடு, அதற்கு மறுநாள் அதற்கடுத்தது, கதவு எண் வரிசையில், நாற்பத்தொரு நாளைக்கு ஒரு முறை ஒவ்வொருவருக்கும் ஒரு நாள். ஊர் இதற்கும் பழகியது. இன்று அக்கா யார் வீட்டில் என்று பால்காரருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்த நாற்பத்தொரு பேர் பழகவில்லை. தில்லைநாயகியைத் தெருவில் கண்டால் இருளப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பன்னிரண்டாம் வார்டு சுடலைமுத்து, தன் முறை வர முப்பத்தெட்டு நாள் ஆகும் என்று கேள்விப்பட்டதும், வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார். அவர் வாசலில் அக்கா போய் ஒரு பகல் முழுக்க நின்றுவிட்டு வந்தாள்.

தன் முறை வந்த அன்று இருளப்பன் விடிந்ததிலிருந்து நாற்காலியைப் போட்டுக் காத்திருந்தார். வந்தவளிடம், மனைவி செத்த நாளைச் சொன்னார். மத்தியானம் கடைக்குப் போய்த் திரும்பியபோது அவள் அடுக்களையில் கிடந்ததையும், வாங்கி வந்த தக்காளி கையிலிருந்து உருண்டதையும், அதற்கப்புறம் பதினொரு வருஷம் இரண்டு தட்டுகளையும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறதையும் சொன்னார். அக்கா “பெறகு?” என்று கேட்கவில்லை. நாற்பத்தொரு பேரிடம் கேட்டதெல்லாம் இப்போது ஒருத்திக்குள் இருந்தது. “ஆறாம் வார்டு டீச்சரும் இதேதான் தம்பி சொன்னா. அவ அம்மா தட்டை இன்னும் கழுவி வைக்கா,” என்றாள்.

அவர் அடுத்த முறைக்காக நாற்பது நாள் காத்திருக்கவில்லை. மறுநாள் காலை ஆறாம் வார்டுக்குப் போய், டீச்சர் வீட்டு வாசலில், என்ன சொல்வதென்று தெரியாமல், “நான் ஒம்பதாம் வார்டு,” என்றார். டீச்சர் “தெரியும், காளை மாடு,” என்றாள். அப்படித்தான் ஒவ்வொருவராக ஆரம்பித்தது. எல்லாரும் அல்ல. பதினாறு பதினேழு பேர் கதவைத் திறந்தார்கள், மற்றவர்கள் தங்கள் நாளுக்காகக் காத்திருந்தார்கள், அந்த நாளில் பேசினார்கள், மிச்ச நாற்பது நாளும் பழையபடி இருந்தார்கள்.

ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டியிருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ரகமத் நிரப்ப வேண்டிய தாள்கள் எல்லாம் தீர்ந்த பிறகு, அடுத்த மேஜையிலிருந்த தில்லைநாயகியிடம் திரும்பி, “மேடம், வெள்ளோடையில ஆறு மாசம் தங்கினா ஊர்க்காரங்கன்னு நீங்கதானே விதி போட்டீங்க? உங்களுக்கு ஆறு மாசமும் மூணு நாளும் ஆச்சு. கதவு எண் சொல்லுங்க,” என்றாள்.

“லாட்ஜு ரூம் அது.”

“நம்பர் இருக்குல்லா?”

சொன்னாள். ரகமத் பெட்டி பெட்டியாகக் கேட்டாள், தில்லைநாயகி பதில் சொன்னாள். எத்தனையோ ஊருக்குக் கேள்விகளை வடிவமைத்தவள், தன் கேள்விகளைத் தானே எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கேட்பது அதுவே முதல் தடவை. அவற்றில் சில இத்தனை கூர்மையாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

“உடன் வசிப்பவர்?”

தில்லைநாயகி மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்து நேராக வைத்தாள். “காலியா விடு. இப்ப விடலாம்.”

“விடலாம்தான்.” ரகமத் விடவில்லை. நாலு எழுத்து அடித்தாள். எட்டிப் பார்த்தால் பெட்டிக்குள் ‘ரகமத்’ என்றிருந்தது. உறவில் வந்து உட்கார்ந்த அக்காளைத் தள்ளிவிட்டு, பட்டியலில் கீழே இறங்கித் தங்கையைத் தேர்ந்தெடுத்தாள்.

“என்ன செய்யறே? நீ உன் வீட்ல இருக்கே.”

“அங்கயும் இருக்கேன். உங்க புது அட்டவணை ஒத்துக்கிடுதுல்லா?” என்று சொல்லி, தில்லைநாயகி கை நீட்டும் முன்பே சேவ் செய்துவிட்டாள். சிவப்பு எழுத்து எதுவும் வரவில்லை.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு லாட்ஜ் மாடியில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தலையில் துண்டைச் சுற்றியபடி தில்லைநாயகி திறந்தாள். ரகமத் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள், கையில் டிபன் பாக்ஸ். “பிள்ளைகளை ஸ்கூல்ல விட்டுட்டு ஆபீசுக்குத்தான் கெளம்பினேன் மேடம். காலு என்னவோ இங்க கொண்டாந்து விட்டுட்டு.”

அவளால் அக்காவைப்போலச் சும்மா உட்கார்ந்து கேட்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தவள் உடனே எழுந்தாள், ஜன்னல் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டாள், கொக்கி துருப்பிடித்திருந்ததைப் பார்த்துத் திட்டினாள், செருப்பால் தட்டித் திறந்தாள், பேருந்து நிலையத்து இரைச்சல் மொத்தமும் உள்ளே வந்தது. தோசை ஆறிப்போகும் என்று அதட்டினாள். பெரியவள் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணைச் சொன்னாள், புருஷன் நேற்று எதற்குக் கோபித்தான் என்பதைச் சொன்னாள், நடுவே மூச்சு விட நிறுத்தினபோது தில்லைநாயகி, தானே எதிர்பாராமல், நாகர்கோவிலில் யாரும் கேட்காத சேலைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பாதி சொல்வதற்குள் அழுகை வந்தது. ரகமத் தோசையை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, மிச்சத்தையும் சொல்லச் சொன்னாள்.

அன்றைக்கு இருவரும் அலுவலகத்துக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனார்கள். வந்த நாளிலிருந்து ஒரு நிமிஷம் பிந்தாதவளைப் பார்த்து ஆணையருக்கே ஆச்சரியம். என்னம்மா ஆச்சு என்று கேட்டார்.

“வீட்ல ஆள் வந்திருந்தாங்க சார்,” என்றாள் தில்லைநாயகி.